ஏழடித் தொலைவு குறித்துப் பவழக்கரை அரசிக்கு விடுத்த ஓலை

கடல் வற்றாதிருக்க. உப்பு கரையாதிருக்க. ஓடுகளம் ஒழியாதிருக்க.

பவழக்கரை நாட்டைத் தம் குடைநிழலில் வைத்துக் காப்பவரும், ஐந்நாட்டு ஓட்டப் பெருவிழாவுக்கு இவ்வாண்டு இடமளிப்பவருமான அரசி அலைவாய் நங்கையார் திருமுன்னர், வேங்கைநாட்டு மன்னர் பெருங்கோடனாரின் அமைச்சும், கோட்டைக்காவல் தலைவர் குடியில் பிறந்தவளும், மன்னர் திருக்கையால் ‘ஏழடிச் சேந்தி’ என்னும் பட்டம் பெற்றவளுமாகிய யான் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் பருவமழை தவறவில்லை என்றும், துறையில் கலங்கள் நிறைந்துள்ளன என்றும், தங்கள் மூத்த மகளார் நலமாகப் பிள்ளை பெற்றார் என்றும் தூதர் வழிக் கேட்டு எம் மன்னர் மகிழ்ந்தார். யானும் மகிழ்ந்தேன். இந்த ஓலையில் யான் மகிழ்ந்ததாக எழுதப்போவது இவ்வொன்றே.

உப்பூர்ப் பூதியாரை ஐந்நாட்டுக் களத்தலைமையில் அமர்த்தலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். அப்பதவிக்கு உரியவர் எந்த ஓட்டத்தில் வென்றாரோ, அந்த ஓட்டத்தில் அவருக்கு அடுத்து வந்தவர் தம் கைப்பட ஓலை எழுதினாலன்றி அவரை அமர்த்தலாகாது என்பது பழைய விதி. அப்படி எழுதுபவரை முதுகுச் சாட்சி என்கிறோம். முதுகுச் சாட்சி எழுத மறுத்தால் பதவி அச்சாட்சிக்கே வந்து சேரும் என்பது அவ்விதியின் மறுபாதி. இதை வகுத்த பெரியோர் ஒருவரும் தம் வாழ்நாளில் இரண்டாவதாக வந்திருக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

ஆகவே எழுத்தாணியை ஓலைநாயகத்திடம் கொடுக்காமல் யானே எடுத்தேன். மூன்று ஓலைகளைக் கிழித்தெறிந்து இதை எழுதுகிறேன்.

பூதியாரின் குறைகளை முதலில் சொல்கிறேன். அவர் உப்பு வண்டிகளின் பின்னே நடந்து வளர்ந்தவர். அவையில் எப்படி அமர்வது என்பதை இன்றுவரை கற்கவில்லை, கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். வென்றதற்கு அடுத்த விழாவில் பாதி வழியில் தொடைநரம்பு பிடித்துக்கொள்ள, விலகிப் போகாமல் நொண்டிக்கொண்டே நடந்து கடைசியாக வந்து சேர்ந்தார். அன்று முதலில் வந்தவரைக் காட்டிலும் கடைசியில் வந்தவளுக்கே ஊர் திரண்டு கைதட்டியது. முதலில் வந்தாலும் கைதட்டல், கடைசியில் வந்தாலும் கைதட்டல் என்றால், நடுவில் வந்தவர்கள் எங்கே போவது? வயிறு எரிந்து வீடு திரும்பினேன். ‘வந்தவருக்கே’ என்னாமல் ‘வந்தவளுக்கே’ என்று எழுதிவிட்டேன். பொறுத்தருள்க, இனியும் எழுதுவேன்.

ஓட்டத்தை விட்டபின் வீட்டோடு இருந்தாளா என்றால் இல்லை. ஓடுவழியில் தண்ணீர்ப்பந்தல் வைத்தாள். ஓடுபவர்களின் கால்களைப் பார்க்க வைத்தியர் வேண்டும் என்று ஐந்து நாட்டு வாயில்களிலும் போய் நின்றாள். பிறகு கயிறு எடுத்துக்கொண்டு வழியை அளக்கப் புறப்பட்டாள். எம் வேங்கைநாட்டு வழி இருநூறு அடி குறைவு என்று எம் மன்னர் முன்னிலையிலேயே சொன்னாள். மன்னர் சினப்பார் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவரோ கயிற்றின் மறுமுனையைத் தாமே பிடித்து அளந்து பார்த்து, குறைவுதான் என்று சொல்லிச் சிரித்தார். யான் இருபது ஆண்டுக்கு மேல் அமைச்சாக இருந்து ஒருமுறைகூட மன்னரைச் சிரிக்க வைத்ததில்லை.

இவை குறைகளா என்று தாங்கள் கேட்கக்கூடும். எழுதத் தொடங்கும்போது குறைகளாகத்தான் தெரிந்தன.

இனி அந்த ஓட்டத்துக்கு வருகிறேன். தங்கள் நாட்டு மலைவாயிலில் தொடங்கி, உப்பளங்களைக் கடந்து, கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டின் கல்தூணைத் தொட்டால் ஓட்டம் முடியும். அத்திட்டு கடலன்னைக்கு உரியது. ஓடுபவர் தவிர எவரும் அதில் கால் வைக்கலாகாது. ஊரார் துறைமுகத்தில் காத்திருப்பார்கள். முதலிருவரும் சேர்ந்து நடந்து வந்து நடந்ததைச் சொல்வார்கள், பின்னால் வந்தவர் முதுகுச் சாட்சி கூறுவார். முன்னே ஓடியவரின் முதுகைக் கண்டவர் அவர் ஒருவரே என்பதால் அவர் சொல்லை ஐந்து நாடும் ஏற்கும். இருபத்தோராண்டுக்கு முன் துறைமுகத்தில் நின்று, பூதி எனக்கு ஏழு அடி முன்னே தூணைத் தொட்டாள் என்று சொன்னேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. காவல்தலைவர் மகள் ஏழே அடியில் வெற்றியை இழந்தாள் என்று பாணர்கள் பாடினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மன்னர் என்னை அழைத்துப் பட்டமும் பதவியும் தந்தார். துறைமுகக் கல்லிலும் ‘ஏழடி’ என்றே வெட்டி வைத்தார்கள்.

அரசியாரே, அது பொய்.

யான் உப்பள வரப்பில் கால் வைத்தபோது பூதி கண்ணுக்கு எட்டிய தொலைவில் எங்கும் இல்லை. ஈர மண்ணில் அவள் காலடிகள் மட்டும் இருந்தன. அவற்றில் நீர் ஊறி நிரம்பியிருந்தது. எவ்வளவு நேரத்துக்கு முன் அவள் போயிருந்தால் அப்படி நிரம்பும் என்று உப்பளத்தார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யான் திட்டை அடைந்தபோது அவள் தூணில் சாய்ந்து, கால்களை மடக்கித் தரையில் அமர்ந்திருந்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தூணைத் தொடவைத்தாள். துறைமுகத்தில் யான் ஏழு அடி என்றதும் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவ்வளவுதான். அன்று முதல் இன்றுவரை அவள் வாயிலிருந்து அதைப்பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

சென்ற ஆண்டு ஐந்நாட்டு அவையில், இனி மணல்திட்டிலேயே நடுவர்களை நிறுத்தலாம், முதுகுச் சாட்சி வழக்கம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது தாங்களும் அமர்ந்திருந்தீர்கள். காரணம் கேட்டதற்கு, “இரண்டாவதாக வருபவர் ஏற்கெனவே களைத்திருப்பார், அவர் தலையில் இத்தனை பாரம் ஏற்றக் கூடாது” என்றாள். அவையோர் தலையசைத்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். பார்க்காமல் சொன்னதால்தான் எனக்காகச் சொன்னாள் என்று தெரிந்தது.

இவ்வோலையை எழுதாமல் விட்டால் களத்தலைமை எனக்கு. பழைய சாட்சியையே மறுபடி எழுதினால் அவளுக்குப் பதவி, எனக்குப் பட்டம்; யாருக்கும் இழப்பில்லை. பத்து நாள் இதையே எண்ணிக் கிடந்தேன். அவள் வேகத்தில் என்னை முந்தினாள், பொறுத்தேன் என்று சொல்லமாட்டேன். கைதட்டலில் முந்தினாள், மன்னர் சிரிப்பிலும் முந்தினாள், எதையும் யான் பொறுக்கவில்லை. ஆயினும் அவள் எனக்கு இரங்குகிறாள் என்பதை மட்டும் எந்நாளும் தாங்கமாட்டேன். என் பொய்யை அவள் காத்துக்கொண்டிருக்கும் வரை யான் அவளுக்கு இரண்டாவதுதான். அதை யானே உடைத்துவிட்டால், அந்த ஓரிடத்தில் அவள் எனக்குப் பின்னே நிற்பாள்.

ஆதலால் முதுகுச் சாட்சிக்கு ஐந்து முடிகளும் தந்துள்ள உரிமையால் கட்டளையிடுகிறேன். உப்பூர்ப் பூதியைக் களத்தலைமையில் அமர்த்துக. மணல்திட்டில் நடுவரை நிறுத்துக. துறைமுகக் கல்லில் ‘ஏழடி’ என்றிருப்பதைச் செதுக்கியெடுத்து, ‘கண்ணுக்கு எட்டாத தொலைவு’ என்று வெட்டுக. இவ்வோலையைப் பதவியேற்பு நாளில் அவளும் ஊரும் கேட்க உரத்துப் படிக்க. எம் மன்னர் தந்த பட்டத்தை இவ்வோலையின் படியோடு அவர் திருவடியில் இன்றே திருப்பி வைத்துவிட்டேன்.

கல்வெட்டும் தச்சனிடம் ஒன்று மட்டும் சொல்லியருள்க. அந்த வரியின் கீழே என் பெயர் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். அவளுக்கு அடுத்து வந்தவள் யான்தான். அது பொய்யன்று.

எழுதியதை மாற்றேன், மாற்றச் சொல்பவர் சொல்லையும் கேளேன். நீரூறிய அக்காலடிகள் அறிய, என் கைப்பட எழுதி, அமைச்சு முத்திரை இடாமல், என் பெருவிரலையே அரக்கில் பதித்து விடுத்தேன்.

இங்ஙனம்,
சேந்தி.