அரைகுறையாகவே அனுப்பிவிடு

அன்பு டமாரத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலம் என்று எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை, அதனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெளிச்சத்தில் ஒரு நடை போய்வருகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லவேண்டியதைக் கடிதமாக எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன், ஏனென்றால் ஃபோனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் புகுந்துவிடுவாய், வீட்டில் உனக்கு அப்பா வைத்த பெயர் சும்மா வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், "சித்தி, பேசாம எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடவா?" என்று. "நீ அனுப்பின ஆராய்ச்சி அத்தியாயத்த முழுசா படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது, உன் பேராசிரியை வகுப்பில் உன் கருத்தைக் கேட்டபோதெல்லாம் நீயும் இதையேதான் சொல்லியிருக்கிறாய், இன்னும் கொஞ்சம் படிச்சிட்டுச் சொல்றேன் மேடம் என்று. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்ந்த துணியை மறுபடி நனைத்துப் போட்டேன், அலமாரியைக் காரணமில்லாமல் கலைத்து அடுக்கினேன், எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிட்டு உன் பக்கங்களைத் தேடிப் போய்விடுகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வரட்டும், அவ ரூம் அவளுக்குத்தானே? படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார். மறுநாளே உன் கட்டில்மேல் குவிந்துகிடந்த இஸ்திரித் துணியை எல்லாம் எடுத்து நாற்காலியில் போட்டார், மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார், புது பல்பு வாங்கி மாட்டினார். நீ வருகிறாய் என்றே முடிவு கட்டிவிட்டார். இந்த நேரம் பார்த்து உன் அத்தை வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், "உனக்கென்னம்மா, அவ அங்கயே இருந்தா உனக்கு நிம்மதி, வீட்டுல நீயும் உன் புஸ்தகமும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வழக்கம்போல டீ போட உள்ளே போய்விட்டேன். ஆனால் முள் தைத்துவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. உனக்கும் எனக்கும் பன்னிரண்டே வயசுதான் வித்தியாசம். பெற்றவள் ஒருத்தி "வராதே, அங்கேயே இருந்து முடி" என்று சொன்னால் அது அக்கறை. நான் சொன்னால் அது என்னவாகக் காதில் விழும்? இந்த ஒரு கேள்விதான் இத்தனை நாள் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது, உன் எழுத்து நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இல்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். திரையில் படித்தால் எனக்குப் புத்தியில் ஏறாது என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்தேன். கடைக்காரர் தாளை அடுக்கிக்கொண்டே, "என்ன மேடம், சொத்துத் தகராறா, கேஸ் இவ்வளவு பெருசா இருக்கே?" என்றார். வேலை பார்க்கும் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் படித்து முடித்தேன். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள் அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பற்றி இத்தனை பேர் இத்தனை எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நீ ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு பத்தியும் யாரோ ஒருவரின் பெயரில் ஆரம்பித்து, கூறுகிறார், கருதுகிறார், வலியுறுத்துகிறார் என்று முடிகிறது. எல்லாரையும் வாசலில் நின்று வரவேற்று, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்காரி எங்கேயோ கிளம்பிப் போய்விட்டாள் போல இருக்கிறது. என்னோடு ஒரு நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் சண்டை போடுகிறவள் நீ. அந்தப் பெண்ணை நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் கண்டுபிடித்தேன், அதுவும் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்.

நீ பேட்டி எடுத்த அந்தப் பெண்மணியைத்தான் சொல்கிறேன், கணவரின் வேலையால் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருப்பவர். "புது வீட்டுக்குப் போன அன்னிக்கே பக்கத்து வீட்டுல போய் சுத்தியல் கேப்பேன். என்கிட்ட நல்ல சுத்தியலே இருக்கு. ஆனா கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கப் போகணும்ல, அதுக்குத்தான்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். சீக்கிரம் போய்விடப்போகிறவர்கள் பக்கத்து வீட்டாரோடு ஒட்டமாட்டார்கள் என்று பெரிய பெரிய ஆட்களை வரிசையாகச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறாய். இந்த அம்மாவோ, சீக்கிரம் போகப்போகிறோம் என்பதாலேயே முதல் நாளே கதவைத் தட்டுகிறார். அதற்குக் கீழே நீ எழுதியிருப்பது, இவர் ஒரு விதிவிலக்கு. அவ்வளவுதான். ஏன் விதிவிலக்கு? மற்றவர்களிடம், முதல் நாள் பக்கத்து வீட்டில் என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தாயா? விசாரித்திருந்தால் அவர்களும் ஒரு திருப்புளியோ ஏணியோ கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். ஒரு சுத்தியலை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட முடியாது என்பது எனக்கும் தெரிகிறது, நான் சொல்வது முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் படித்ததில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்த ஒரு இடம்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். அவரும் சிரித்தார், பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இவ்வளவு நல்ல விஷயத்த ஏன் கீழ பொடி எழுத்துல போட்டிருக்கா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரி, இத அந்த மேடம்கிட்ட காட்டினாளா?" என்றார். ஒரு பக்கம்கூட இதுவரை காட்டவில்லை, சரியான பிறகு காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றேன். "சேந்து எவ்வளவு நாளாச்சு, இன்னுமா காட்டல?" என்று அவர் ஆச்சரியப்பட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "உங்க பொண்ணாச்சே, வேற எப்படி இருப்பா?" என்றேன். உண்மைதானே? லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் வளர்ந்தவள் நீ. சின்ன சந்தேகம் இருந்தாலும் ஆளை ஏற்றக்கூடாது, வாசலில் பலகையை மாட்டிவிட்டு உள்ளே வேலை பார்க்கவேண்டும், காலி லிஃப்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கவேண்டும், இதைச் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டியிருக்கிறார் உனக்கு. நீயும் பலகையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்காக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய். லிஃப்ட்டுக்கு அது சரி, அவர் கவனமாக இருப்பதால்தான் அத்தனை பேர் பத்திரமாக மாடி ஏறுகிறார்கள். ஆனால் உன் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் அறுந்து விழுந்தால் யாருக்குக் கால் உடையும்? இதைச் சொன்னதும் அப்பா தட்டில் விரலால் கோலம் போட்டார். "அப்ப அவ வேலைல உள்ள ஆள் இருக்கும்போதே ரிப்பேர் பாக்கலாமா?" என்று கேட்டார். அப்படித்தான் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்றேன். "ஆபத்தான தொழில்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

என் வேலையிலோ எல்லாம் நேர்மாறு. கிளினிக்கில் காது பரிசோதிக்கும் கண்ணாடி அறையை நீ பார்த்திருக்கிறாய். ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, "ரொம்ப லேசா கேட்டாலும், கேட்ட மாதிரி தோணினாலும் அழுத்துங்க" என்று எல்லாரிடமும்தான் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார், பரீட்சை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பரிசோதனை முடிந்து பார்த்தால் காது பாதி போய்விட்டது என்று கணக்கு வருகிறது. கூட வந்திருந்த மனைவி விடவில்லை. "வீட்டுல நான் வாய்க்குள்ள முணுமுணுக்கறது அத்தனையும் கேக்குது, இங்க வந்து மட்டும் செவிடா?" என்று அவரை ஒரு பிடி பிடித்தார். எனக்கும் சந்தேகம்தான், ஏனென்றால் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண் சட்டென்று மேலே போனதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், விரல்தான் அசையவில்லை. ஏன் சார் அழுத்தலை என்று கேட்டால், "நிச்சயமா தெரியாம எப்படிம்மா அழுத்தறது? தப்பாப் போயிட்டா?" என்கிறார். "தப்பாப் போனா ஒண்ணும் ஆகாது சார், சந்தேகமா இருந்தா அதே சத்தத்த நான் திரும்பக் குடுத்துப் பாப்பேன், அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று சொல்லி மறுபடி உட்காரவைத்தேன். இரண்டாம் தடவை நன்றாகவே வந்தது, அந்த வயசுக்கு என்ன குறையுமோ அவ்வளவுதான். அவர் கேட்டும் கேட்காதவராக உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. வகுப்பில் எல்லாரும் பேசுகிறார்கள், நான் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு மூளையே இல்லை சித்தி என்று நீ அழுதாயே. உனக்கு எல்லாம் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். உன் பேராசிரியைக்குத் தெரிய வழியில்லை. அவர் உன் கண்ணைப் பார்த்து எதையும் எழுத முடியாது.

மாதக் கடைசியில் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் என்றாய். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அதிகம் இல்லை. நான் முதுகலைக்கு மேல் படித்தவள் இல்லை, ஆராய்ச்சி எப்படிச் செய்வது என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. படித்துப் படித்துக் கண் கெட்டவள் என்கிற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் தள்ளிவிடு. இனி புதிதாக ஒரு புத்தகமும் எடுக்காதே. இருக்கிறவர்களில் யாரோடு உனக்குச் சண்டை, யார் சொன்னதைப் படித்தபோது "அதெப்படி?" என்று கேட்கத் தோன்றியது என்று மட்டும் பார், மற்றவர்களைக் கொஞ்ச நாள் காக்கவைக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சுத்தியல் பெண்மணியை அடியிலிருந்து மேலே கொண்டுவா. "நான் நினைக்கிறேன்" என்று ஒரு வாக்கியமாவது எழுது, பக்கத்திலேயே, இது எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்றும் எழுது, தெரியாது என்பதைத் தெளிவாக எழுதுவதும் ஒரு படிப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசிரியை அதைச் சிவப்பு மையால் கிழித்துப்போடுவார், கிழிக்கட்டும். அவர் கிழிப்பது தாளை. நீ அதைச் சட்டைபோல உடம்பில் மாட்டிக்கொண்டு போய் நிற்கிறாய், அதனால்தான் உனக்கு இவ்வளவு பயம். சரளமாகப் பேசுகிற மற்றவர்களைப் பார்த்தும் ரொம்பக் கலங்காதே, அவர்களில் பாதிப் பேர் பேசிக்கொண்டேதான் யோசிக்கிறார்கள், உன் அத்தையைப்போல.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இதற்குப் பயந்துதான். நீ வந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம். இதை யாருக்காகவும் பூசி மெழுகிச் சொல்லவில்லை. நீ போன பிறகு இந்த வீட்டில் படித்ததைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் இல்லை, அப்பா நல்ல மனுஷர்தான், ஆனால் நான் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தால் "கடைசில என்ன ஆச்சு, அத மட்டும் சொல்லு" என்கிறார். வரவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. இருந்தும் இப்போது வராதே என்றுதான் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போ, வாயைத் திறந்து பேசு, அவர்கள் சொல்வதைக் கேள். அப்புறமும் இது உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே கிளம்பி வா, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், கேட்க வருகிறவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுவேன், இந்தத் தடவை டீ போடப் போகமாட்டேன். யாருமே பார்க்காத ஒன்றுக்கு நீயே தோல்வி என்று தீர்ப்பு எழுதி மூட்டை கட்டிக்கொண்டு மட்டும் வராதே. இப்படி எழுதியதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ என்று கை ஓடமாட்டேன் என்கிறது. தப்பாக எடுத்துக்கொண்டால் மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே, சண்டைக்கு வா, நமக்கு அது புதிதில்லை.

கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், போய்ப் பார்த்துக்கொள். அறைக்குள் செருப்பில்லாமல் நடக்காதே, தரை குளிர்கிறது என்றாய். அப்பா உன்னை நினைக்காத வேளை இல்லை, இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நினைத்தது கைகூடட்டும், நினைப்பது என்னவென்று உனக்கே தெளியட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதில் எழுத உட்காராதே. உன் பேராசிரியைக்கு எழுது. மேடம், இது முடியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். அதோடு அத்தியாயத்தை இணைத்து, மறுபடி ஒரு தடவை படித்துப்பார்க்காமல் அனுப்பிவிடு. எனக்கு அப்புறம் எழுதலாம்.

அன்புடன்,
உன் சித்தி