குட்டியின் கோட்டில் ஏறாத காய்ச்சல்

அன்புள்ள குட்டிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. என் மட்டில் நலம். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. நேற்று மாடிப்படியை இளவட்டம் போல ஏறினேன். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். உன் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வாயெடுத்தாலே பிடுங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, உன் மாமனுக்கு வேற வேலை இல்ல" என்று வைத்துவிடுகிறாள். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அவள் அக்குளில் நீ ஒட்டிவிட்டுப் போன அந்தச் சூடு பார்க்கும் வில்லை பத்திரமாக இருக்கிறது. ராக்கெட்டில் வைக்கச் செய்தது, என் மருமகள் கேட்டாள் என்பதற்காக ஒன்று கொடுத்தார்கள் என்று இஸ்திரிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆள் இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். நிமிஷத்துக்கு நிமிஷம் உன் போனில் கோடு ஓடும், திடீரென்று எகிறுகிற எண்ணை வந்த கையோடு புரோகிராம் தள்ளிவிடும் என்று நீ விளக்கினாய். உடம்புச் சூடு ஒரே தாவாகத் தாவாது, தாவினால் வில்லை நழுவியது என்று அர்த்தம். எனக்கு உடனே புரிந்தது. நம் வீட்டில் என் பேச்சுக்கு எல்லோரும் செய்வதுதானே அது!

போன தடவை "மூச்சு இழுக்குது" என்று நான் போன் போட, நீ அழுதுகொண்டே ஓடி வந்து பார்த்தால், அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது, போகட்டும். "இனிமே மாமா சொல்ல வேணாம், இது சொல்லும்" என்று அந்தக் கோபத்தில்தான் வில்லையை ஒட்டினாய்.

குட்டி, இது சொல்லவில்லை.

சாயங்காலமானால் அவளுக்குக் குளிர் எடுக்கிறது. எடுத்ததுமே வில்லையைப் பிய்த்துவிடுகிறாள். "புள்ள பாத்தா பயந்துடுவா, லீவெல்லாம் போன தடவையே தீந்துபோச்சு" என்கிறாள். நான் மல்லுக்கட்டித் திரும்ப ஒட்டுவதற்குள் உடம்பு கொதிக்கிறது. கடைசியாக ஏற்றுக்கொண்ட எண்ணோடு ஒப்பிட்டு, இது தப்பு என்று புரோகிராம் தள்ளுகிறது. அடுத்ததையும் அதே பழைய எண்ணோடு ஒப்பிட்டுத் தள்ளுகிறது. சூடு தணிந்த பிறகு வருவதைச் சேர்த்து, நடுவில் விட்டதைக் கோடு இழுத்து மூடிவிடுகிறது. தள்ளியதெல்லாம் இங்கே அவள் போனில் சாம்பல் புள்ளியாகக் கிடக்கிறது. ஊசி போட வரும் நர்சம்மாவும் நானும் சேர்ந்து கண்டுபிடித்தோம். முக்கால்வாசி நான்.

டாக்டரும் முதலில் கோட்டைப் பார்த்து, நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். நேற்று நேரில் வந்தார். பழைய நோய் திரும்பிவிட்டது, இனி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, மகளை வரச் சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். உன்னிடம் பேசமாட்டேன் என்று நர்சம்மாவிடம் உன் அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லையே என்று அவர் பேனாவை வாங்குகிறார். அடுத்த வரி அவர் கை.

நேற்று மாலை 103.6. நானே பார்த்தேன். இவர் சொல்வது எல்லாம் உண்மை. சீக்கிரம் வாங்க.

ராக்கெட் தவிர, என்று சேர்த்து எழுதச் சொன்னேன். சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன் அம்மா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள் அல்லவா, காய்ச்சல் வேகத்தில் கட்டிலிலேயே டூட்டி பார்க்கிறாள். "வழியில நிக்காதீங்க சார், உள்ள போங்க" என்று என்னை அதட்டுகிறாள். நேற்று அசதியில் கட்டிலின் ஓரத்தில் உட்காரப் போனேன். "அங்க உக்காராதீங்க, ஆள் வருது" என்றாள். யார் வருவது என்று கேட்டேன். அவள் கண் வாசலில் இருந்தது.

நான் உட்காரவில்லை. இந்தக் கடிதத்தையும் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீ தீர்க்காயுசாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். பத்திரமாக வந்து சேர்.

உன் மாமா