முதல் விரல்

செவ்வாய், இரவு.

மகள் ஸ்டெல்லா தன் நர்சிங் ஆராய்ச்சிக்காக எருமப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ரத்தசோகைப் பரிசோதனை வைத்திருந்தாள். துணைக்குப் போனேன்.

ஊசியைப் பார்த்ததும் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒடம்புல ரத்தமே இல்லீங்க, இருக்கறதையும் எடுத்தா எப்படீங்க?" என்றார் ஒருவர். ஸ்டெல்லா சிரித்து, "ஒரே ஒரு சொட்டுத்தானுங்க அக்கா" என்றாள். யாரும் அசையவில்லை. இப்படியே போனால் அவளுடைய ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

ஊசி என்றால் எனக்கு இன்றும் நடுக்கம். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினேன்.

"தாத்தா பயப்படறாருங்க டீச்சர்" என்று ஒரு சிறுமி சிரித்தாள். கண்ணைத் திறந்தபோது எனக்குப் பின்னால் அவள் நின்றாள், அவளுக்குப் பின்னால் வரிசை.

மாலைவரை ஸ்டெல்லா ஒவ்வொரு தாயிடமும் பொறுமையாகப் பேசினாள். இவள் என் மகள்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளியிலேயே எனக்குத்தான் ரத்தம் குறைவாம். இரவு இரண்டு பங்கு முருங்கைக்கீரை வைத்தாள். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன்.