முட்டைச் சக்கரம்

ஜூன் 9, 2025

காலையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ்தான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளின் முகமெல்லாம் என் கம்ப்யூட்டருக்குள். ஓர் அம்மா தன் மகனின் காதை மட்டும் சின்னதாக்கச் சொன்னார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது. காது மட்டும் எங்க மாமியாரு." சின்னதாக்கிக் கொடுத்தேன். பாவமா என்று அன்புச்செல்வன் அண்ணனைக் கேட்டேன். இல்லை என்றார். கடை அவருடையது, பாவமும் அவருடையது.

ஜூன் 12

தரகருக்கு என் போட்டோ வேண்டுமாம். இதுவரை மூன்று வீட்டார் வந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தடி எட்டு என் தப்பா?

"உக்காந்துகினு எடுத்துக்கடி. உக்காந்துட்டா யாரு அளக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். போதாதென்று படத்தில் காலையும் வெட்டிவிட்டேன். தொழில் சுத்தம்.

ஜூன் 20

தரகர் ஆதிமூலம் வாட்ஸப்பில் ஒரு மாப்பிள்ளையை அனுப்பினார். தமிழழகன். மூங்கில்துறைப்பட்டில் கரும்புக் குடும்பம். வெள்ளிமலையில் கால்நடை மருத்துவமனை உதவியாளர், அங்கேயே வாடகை வீடு. உயரம் ஐந்தடி ஒன்பதாம். படத்தில் பைக்கோடு ஒட்டி நிற்கிறார். அம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் ஆளைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தேன். முட்டை!

யாரோ படத்தின் உயரத்தை மட்டும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மனிதன் நீளமானால் தெரியாது. சக்கரம் காட்டிக் கொடுத்துவிடும். கடையில் திறந்து, சக்கரம் வட்டமாகும்வரை உயரத்தை அமுக்கினேன். மாப்பிள்ளையும் சேர்ந்து இறங்கினார். கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. இந்த முகம் நன்றாகத்தான் இருக்கிறது – இதை ஏன் இழுத்தார்கள்?

ஜூன் 21

அண்ணனிடம் அதே பைக். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து டேப் பிடித்து முன்சக்கரத்தை அளந்தேன். படத்தில் சக்கரம் அதே அளவுக்கு வரும்படி மொத்தத்தையும் ஒரே சீராகப் பெரிதாக்கினால், ஆளும் நிஜ அளவில் வந்துதானே ஆகவேண்டும்? மிச்சம் கிடந்த பிளெக்ஸில் அடித்தேன். வாட்ஸப் படம் அவ்வளவு தாங்காது. கிட்டே போனால் முகமெல்லாம் புள்ளி. தள்ளி நின்றால் முழு மனிதர்.

குதிகால் தரையில் படும்படி சுவரில் ஒட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் உச்சந்தலை என் மூக்குக்கு வந்தது.

அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். "யாரும்மா இவரு, எந்த வார்டு?"

"மாப்ளண்ணே."

ஜூன் 23

சொன்னால் அம்மா அழுவாள். சொல்லாவிட்டால் மேடையில் எல்லாருக்கும் தெரியும். அவர்களைத் திட்டலாமென்றால், காலை வெட்டி அனுப்பியவள் நான்.

ஒரு யோசனை. என்னையும் நிற்கவைத்து எடுத்து, நிஜ அளவில் அடித்தேன். இரண்டையும் சேர்த்துச் சுருட்டி ஆதிமூலத்திடம் கொடுத்து, "மாப்ள கையில மட்டும் குடுங்க" என்றேன்.

"இன்னாம்மா, காலண்டரா?"

"ஆமாங்க."

ஜூன் 25

சுருள் இந்நேரம் மாப்பிள்ளை கைக்குப் போயிருக்கும். ஐயோ. இன்னா வேல பண்ணி வச்சிருக்கேன்!

ஜூன் 30

மாப்பிள்ளை கடைக்கே வந்துவிட்டார். கன்னத்தை வைத்தே அடையாளம் தெரிந்தது. அக்குளில் அந்தச் சுருள்.

"தனுஷா நீங்கதானே? கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

எழுந்தேன். நிமிர்ந்து பார்த்தார், சிரித்துவிட்டார். "கரெக்டா கீது."

படத்தில் தன்னை இழுத்தது அத்தையாம். பிளெக்ஸைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியுமாம். இரண்டு படத்தையும் வீட்டில் அடுத்தடுத்து ஒட்டினாராம். "எங்கம்மா ஒரு நாளு பூரா உங்களயே பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம், பேரப்புள்ளைங்களாவது நெட்டையா வரட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

"ஊர் சிரிக்குமே" என்றேன்.

"நான் தெனம் மாட்டுகிட்ட ஒத வாங்கறவன். சிரிப்பு இன்னாங்க பண்ணிடும்?"

அண்ணன் ஒரே படத்தைப் பத்தாவது தடவையாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். காது முழுக்க எங்கள் பக்கம்.

ஜூலை 1

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "குட்டையாடி?" என்று அழுதாள். "இவ்ளோ நாளு உன்ன உக்கார வச்சதுக்கு இதுவா?"

"இனிமே உக்கார முடியாதும்மா. இவரையே கட்டிக்கிறேன்" என்றேன். அழுகை நின்றது. அவருடைய இழுக்காத முகத்தைக் காட்டச் சொன்னாள்.

ஆகஸ்ட் 28

மண்டப வாசலுக்குப் பேனர். அவருடைய அத்தை அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார்: மாப்பிள்ளையைக் கொஞ்சம் ஏத்திடுங்க. அரைமணி கழித்து என் அம்மா: பொண்ணைக் கொஞ்சம் எறக்கிடுப்பா. ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது.

"ரெண்டு பேரு பேச்சையும் கேட்டா மாப்ள உன் தலைமேல நிப்பாரும்மா" என்றார் அண்ணன்.

நானே உட்கார்ந்தேன். இருவரும் சேர்ந்து நின்று எடுத்த படம். ஒரு மயிரிழைகூட நகர்த்தாமல் மிஷினுக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 4

கல்யாணம். மாலை மாற்றும்போது குனியப் போனேன். "இருங்க, எட்டுது" என்றார். எட்டிப் போட்டார். மாலை என் கொண்டையில் மாட்டிக்கொண்டது. மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தது என் அம்மா.

நவம்பர் 2

வெள்ளிமலையில் மூன்று நாளாக மழை. போர்வையெல்லாம் பரண்மேல் இருக்கிறது. "தனுஷா, கொஞ்சம் வாயேன், எட்டல" என்று கூப்பிட்டார்.

கை மாவாக இருக்கிறது, நீங்களே எடுங்க என்றேன்.

ஸ்டூலைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதையும் பரண்மேல்தான் வைத்திருக்கிறேன்.