ஆறுவதற்குள் ஒரு தட்டு

மாப்பிள்ளை,

இன்று காலை காப்பியின் முதல் மடக்கு நாக்கில் பட்டதும் சுரீர் என்றது. நாக்கு நுனியில் ஒரு சிறு கொப்புளம். முந்தாநாள் சாயங்காலம் கோழிக்கோட்டுக் கடற்கரையில் வாங்கிய சூடு அது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். உங்களுக்குக் கடிதம் எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொன்னாலும் விளங்காது.

நான் கல்லூரி நூலகத்தில் அட்டவணை போட்டுக் காலம் கழித்தவன். நீங்கள் கம்பத்திலிருந்து திராட்சை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக லாரி ஓட்டியவர். எந்த ஊரில் விளக்கு வைத்தபின் எந்தத் தெருவில் அடுப்பு எரியும் என்பது உங்களுக்கு மனப்பாடம். நாம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, "மச்சான், நான் லாரியில போன ஊரையெல்லாம் ஒங்களுக்கு நடந்து காட்டுறேன்" என்று கிளப்பினீர்கள். மதுரை, கோழிக்கோடு, ஐதராபாத் என்று வருடத்துக்கு ஒரு ஊர். நான் ஒரு குறிப்பேடு, ஒரு எவர்சில்வர் டம்ளர், கைக்கடிகாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வருவேன்.

கடிகாரம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் விடுதிச் சாப்பாடு ஒன்று என்னைப் பத்து நாள் படுக்கையில் போட்டது. அன்றிலிருந்து வெளியில் கை நனைக்கப் பயம். அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. முதலில் நீங்கள் சாப்பிடுவீர்கள். நான் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் என் தட்டைத் தொடுவேன்.

கோழிக்கோட்டுக் கடற்கரையில் சிப்பிக்குள் அரிசி மாவை அடைத்து அவித்து, மசாலா பூசி, தேங்காய் எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள். நான் என் தட்டைக் காகிதத்தால் மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கடைக்காரர், "சாருக்கு என்ன, பத்தியமோ?" என்று கேட்டார்.

"பத்தியமெல்லாம் இல்ல சேட்டா, பரிசோதன. நான் எலி, இவுக ஆபீசரு" என்றீர்கள். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க மச்சான், உசுரோடதான் இருக்கேன்."

இருபது நிமிடத்தில் கடற்காற்று அதை ரப்பராக்கியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன்.

"சூடாத் தின்னுருந்தா இந்தப் பொய் சொல்ல வேண்டியதில்ல."

மதுரையில் கறிதோசை விறைத்துப்போயிற்று. ஜிகர்தண்டா உருகி வெறும் பாலாயிற்று. ஐதராபாத்தில் மிளகாய் பஜ்ஜி துணி மாதிரி தொங்கியது. சூடானதை ஆற வைத்தும், குளிர்ந்ததை உருக வைத்துமே நான் மூன்று ஊர்களையும் ருசி பார்த்தேன். நீங்கள் அவற்றைத் தின்ற முகத்தைப் பார்த்துத்தான் எது எப்படி இருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஐதராபாத்திலிருந்து திரும்பும் ரயிலில் சொன்னீர்கள்: "அடுத்து மறுபடியும் கோழிக்கோடு போவம் மச்சான். ஒரே ஒரு தட்டு, ரெண்டு பேரும் ஒண்ணா, சூடா. கடியாரத்த வீட்டுல வச்சுட்டு வாங்க."

பார்க்கலாம் என்றேன். சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், நீங்கள் பயணத்துக்குக் கொண்டுவரும் பையை என் தங்கை என்னிடம் கொடுத்தாள். பக்கவாட்டுப் பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"வயித்துக்குண்ணே. எண்ணெயில பொரிச்சது அவுகளுக்குச் சேராது. ஒங்களோட கெளம்புற அன்னைக்கு முன்கூட்டியே ஒண்ணப் போட்டுக்கிருவாக. ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக."

"ஏன்?"

"தெரிஞ்சா அண்ணன் கடைப் பக்கமே வர மாட்டாகன்னு சொன்னாக."

மாப்பிள்ளை, என் பரிசோதனை முழுவதும் செல்லாது. மாத்திரை போட்டவரை வைத்து எதை நிரூபிக்க முடியும்? அன்று இரவு குறிப்பேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாக அடித்துவிட நினைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் முகம் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

போன வாரம் தங்கையிடம், கோழிக்கோடு போய்வருவோமா என்று கேட்டேன். குமுளி தாண்டி அவள் போனதே இல்லை. உங்கள் ஊர்ப் பெயர்களைக் காதால் கேட்டதோடு சரி. கடிகாரத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதே கடற்கரை. கடைக்காரர் வேறு ஆள். ஒரு தட்டு வாங்கினோம், ஆவி பறந்தது. தங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தையோ ஓட்டுக்குள்ள அடச்சு வச்சிருக்கான். நீங்க மொதல்ல தின்னுங்கண்ணே. நான் பெறகு பாக்குறேன்."

எனக்கு முன்னால் தின்பதற்கு யாரும் இல்லை. ஓட்டிலிருந்து பிரித்து எடுத்து வாயில் போட்டுவிட்டேன். நாக்கு பொத்துப்போயிற்று, கண்ணில் நீர் வந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு மாதிரி மாவு, தேங்காயும் சோம்பும், அடியில் கடலின் உப்பு. இதைத்தானா நீங்கள் ஒவ்வொரு முறையும் எனக்காகத் தனியாகத் தின்றுகொண்டிருந்தீர்கள்?

"அண்ணே, என்னாச்சு?"

கையை நீட்டினேன். "தொட்டுப் பாரு. உசுரோடதான் இருக்கேன்."

அந்தச் சொல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. பிறகு இருபது நிமிடமெல்லாம் காத்திராமல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஊதி ஊதித் தின்றாள். "இதுக்குத்தான் அவுக ஊரு ஊராப் போனாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே உங்கள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கொப்புளம் இரண்டு நாளில் அமுங்கிவிடும் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். களிம்பு கொடுத்தார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை. இதை எழுதுவதற்குள் ஆறிப்போன காப்பியை மறுபடி சுட வைத்து எதிரே வைத்திருக்கிறேன், ஆவி அடங்கவில்லை. எடுத்துக் குடிக்கிறேன், மாப்பிள்ளை.