நாற்பது கறுப்புத் திரைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? நான் சுகம்.

போன வாரம் ஆபீசில் ஒரு கூத்து. புதுக் கம்ப்யூட்டர்களுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றித் தரும் வேலையைப் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு. மாற்றிவிட்டுப் பழையதை அணைத்தேன். மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய நாற்பது கம்ப்யூட்டர்களும் கறுப்புத் திரையோடு நின்றன. எல்லாம் பழைய சர்வரையே தேடிக்கொண்டிருந்தன.

மேனேஜர் வந்து, "யாரு பாத்த வேலை இது?" என்றார்.

"நான்தான் சார். புது அட்ரஸைக் குடுக்க மறந்துட்டேன். அரை மணி நேரம் குடுங்க" என்றேன். அந்த அட்ரஸ் இருந்த ஒரு வரியைத் திருத்தியதும் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. மதியத்துக்குள் அவற்றை ஏற்றிக்கொண்டு வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது.

பக்கத்து சீட் அக்கா, "நானா இருந்தா நெட்வொர்க் மேல பழியைப் போட்டிருப்பேன்டி" என்று சிரித்தாள். மேனேஜர் அடுத்த சர்வரையும் என்னிடமே கொடுத்திருக்கிறார். அதனால் கவலைப்படாதீர்கள்.

அப்பா, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவீர்கள்? நான் அளக்கும்போதெல்லாம் கை தானாக நம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தானா?

பஸ் வந்துவிட்டது. பதில் போடுங்கள்.

உங்கள் மகள்