மடக்கு சைக்கிளின் சின்னச் சக்கரம்

12.8.2005, வெள்ளி

பெண்ணாடத்திலிருந்து ரயிலில் கொண்டுவரத் தோதாக இருக்கும் என்றுதான் மடக்கு சைக்கிள் வாங்கினேன். என்னோடு பீங்கான் கம்பெனியில் வேலை செய்யும் பழனி அண்ணனுக்கு அது கேலிப்பொருள்.

"சின்ன சக்கரம்மா, நீ நாலு மிதி மிதிச்சா எனக்கு ரெண்டு மிதிதான்" என்பார்.

போன வாரம் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினேன். இன்று ஸ்டேஷனிலிருந்து அவருக்குச் சமமாக மிதித்தேன். ரயில்வே கேட் திறந்ததும், அவருடைய பெரிய சைக்கிள் வேகம் பிடிப்பதற்குள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டேன்.

கம்பெனி வாசலில் குனிந்து பார்த்து, "எத்தன பல்லும்மா இருக்குது?" என்றார்.

"எண்ணிக்குங்கண்ணே" என்று உள்ளே போய்விட்டேன்.

தண்டவாளத்தில் சின்னச் சக்கரம் தூக்கிப்போட்டதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இதை எழுதப் பேனா பிடிக்கவே வலிக்கிறது. அதை மட்டும் அவரிடம் சொல்லமாட்டேன்.